மணி அடித்தால் முடியும் வேலை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மீட்டர்கேஜ் பாதை ஒன்று மின்சாரத்துக்கு மாறியது அதுவே முதல் முறை. ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தூரத்துக்கும் தண்டவாளத்தின் தலைக்கு மேலே 1500 வோல்ட் நேர்திசை மின்சாரம் கம்பியில் ஓடியது. அதை மாற்றிக் கொடுக்க எழும்பூரில் ஒன்றும் மீனம்பாக்கத்தில் ஒன்றுமாகத் துணை மின்நிலையங்கள் இருந்தன. சைதாப்பேட்டையைத் தாண்டினால் ஏரியும் வயலும் பனங்காடுமாகக் கிடந்த நிலத்தின் நடுவே இந்தக் கம்பி போனது. ரயில் வருவதற்கு ஓராண்டு முன்பு, 1930இல், அதே பாதையில் உள்ள கிண்டியில் பொறியியல் கல்லூரி மின்பொறியியலைத் தனிப் பட்டப்படிப்பாகத் தொடங்கியிருந்தது. இரண்டும் அடுத்தடுத்து வந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. 1932இல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் வந்தது, 1937இல் மேட்டூர் வந்தது. கம்பி இழுக்கவும் கணக்குப் போடவும் தெரிந்தவர்கள் மாகாணத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அந்தப் புதிய துறையில் பேராசிரியராக இருந்தவர் பப்பு சுப்பாராவ். அவருடைய மகள் லலிதா அங்கேயே படித்து 1943இல் தேறினார். இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் என்று வரலாறு அவரைக் குறிக்கிறது.

லலிதாவின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே சுருதியில்தான் சொல்கிறார்கள். 1919 ஆகஸ்ட் 27 அன்று சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார், 15 வயதில் திருமணம், 18 வயதில் கைம்மை, கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அந்த நிலையிலும் ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரிக்குள் துணிந்து நுழைந்தார், சாதித்தார். இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் துணிச்சல் என்ற ஒற்றைச் சொல்லை முன்னால் நிறுத்திவிட்டால், அவர் எடுத்த முடிவுகளுக்குப் பின்னால் இருந்த கணக்கு கண்ணில் படாமல் போகிறது. லலிதா பொறியியலைத் தேர்ந்தது அது துணிச்சலான வேலை என்பதற்காக அல்ல. தன் நிலைமைக்கு அது பாதுகாப்பான வேலை என்று அவருக்குப் பட்டதால். இதுதான் என் வாதம். கொஞ்சம் விபரீதமாகத் தோன்றும். ஆனால் அவர் எந்த வேலையை எடுத்தார், எதை விட்டார், எந்த ஊருக்குப் போனார் என்று வரிசையாகப் பார்த்தால் எல்லாமே இந்தப் பக்கம்தான் சாய்கின்றன.

1937இல் சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்து இளம் விதவைக்குத் திறந்திருந்த வழிகள் இரண்டு. ஒன்று ஆசிரியப் பணி. குழந்தைப் பருவத்திலேயே விதவையான சகோதரி சுப்பலட்சுமி 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, மறு ஆண்டே இளம் விதவைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கி, அவர்களை ஆசிரியைகளாக்கும் பாதையைப் போட்டுவைத்திருந்தார். இன்னொன்று மருத்துவம். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1912இல் முத்துலட்சுமி அங்கே பட்டம் பெற்றார். ஆக, மருத்துவராவதில் சென்னைப் பெண்ணுக்கு 60 ஆண்டு முன்மாதிரி இருந்தது, மரியாதையும் இருந்தது. லலிதா ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் படித்து முதல் வகுப்பில் தேறியவர். மருத்துவத்தையும் யோசித்துப் பார்த்திருக்கிறார். வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் எளிது. நடுராத்திரியில் நோயாளி வீட்டிலிருந்து ஆள் வந்தால் டாக்டர் எழுந்து போயாக வேண்டும். அந்த நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது? காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை, மணி அடித்தால் முடிகிற வேலை வேண்டும். அப்பாவும் அண்ணன் தம்பிகளும் பொறியாளர்கள். அந்த வேலையின் நேரம் காலம் என்னவென்று வீட்டுக்குள்ளேயே பார்த்து வளர்ந்தவர் அவர். அறியாத கடலில் குதிக்கவில்லை, வீட்டுக் கிணற்றில் இறங்கினார்.

இங்கே ஒரு கேள்வி எழும். பொறியாளர் வேலை மட்டும் மணி பார்த்து முடிகிறதா? அன்றைய சென்னை மாகாணத்தில் பொறியாளர் என்றாலே மக்கள் மனத்தில் வந்தது பொதுப்பணித் துறைக்காரர். கிண்டிக் கல்லூரியின் வேரே அதுதான்: 1794இல் கோட்டையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி, பிறகு சிவில் பொறியியல் கல்லூரி, 1920இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. அதில் படித்தவன் அணைக்கட்டிலும் கால்வாய்க் கரையிலும் முகாம் போட்டுக் கிடப்பான். மழைக்காலத்தில் மடை உடைந்தால் அவனுக்கும் நடுராத்திரிதான். உண்மை. அதனால்தான் அவர் எடுத்தது சிவில் அல்ல, எலக்ட்ரிக்கல் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சரி, மின்சாரத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது, புயலடித்துக் கம்பி அறுந்தால் லைன்மேனோடு பொறியாளரும்தானே ஓட வேண்டும் என்றால், அதுவும் சரிதான். ஆனால் அது மின்சாரத்தை ஓட்டுகிறவர்களின் வேலை. இந்தப் புதுத் தொழிலுக்கு இன்னொரு முகம் இருந்தது. இயந்திரத்தைச் சோதிப்பது, தரம் வகுப்பது, வரைபலகையில் கம்பிப் பாதையைத் திட்டமிடுவது, வாங்குபவருக்கும் தயாரிப்பவருக்கும் இடையே ஒப்பந்தத்தை நடத்திக்கொடுப்பது. மேசையும் ஸ்லைடு ரூலும் கடிகாரமும் உள்ள வேலை இது. பழைய தொழில்களில் இப்படிப்பட்ட மேசைகளுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் உண்டு. மின்பொறியியலோ கிண்டியில் பத்து வயதுகூட நிரம்பாத துறை. மேசைகளே அப்போதுதான் போடப்பட்டுக்கொண்டிருந்தன. லலிதா தன் வாழ்நாளில் மின்துறையின் ஷிஃப்ட் வேலை எதிலும் சேரவில்லை. கடைசிவரை இந்த இரண்டாவது முகத்தில்தான் இருந்தார்.

அப்படியானால் கிண்டிக்குள் நுழைந்ததுகூடத் துணிச்சல் இல்லையா என்று கேட்கலாம். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி. உலகப் போர் தொடங்கிய காலம். ஒரே ஒரு பெண். துணிச்சல் வேண்டித்தான் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதவு எப்படித் திறந்தது என்று பார்க்க வேண்டும். போராட்டமோ மனுவோ வழக்கோ இல்லை. பேராசிரியர் சுப்பாராவ் தம் மகளுக்காக முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார், பொதுக் கல்வி இயக்குநராக இருந்த ஸ்டாத்தம் வரை விஷயம் போனது, அனுமதி வந்தது. வேறொரு வீட்டுப் பெண் கேட்டிருந்தால் இதே அனுமதி இதே வேகத்தில் வந்திருக்குமா? வந்திருக்காது என்றே நினைக்கிறேன். லலிதாவின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. சட்டம் மாறி, பிறகு ஆட்கள் வந்தார்கள் என்று நாம் சீர்திருத்த வரலாற்றைக் கற்பனை செய்துகொள்கிறோம். இங்கே நடந்தது தலைகீழ். முதலில் ஒரு தகப்பனார் தாழ்வாரத்தில் நின்று பேசினார், ஒரு பெண் வந்தாள், விதி பின்னால் வந்தது. சில மாதங்களில் மகள் விடுதியில் தனியாகச் சலிப்படைகிறாள் என்று தெரிந்ததும் அதே தகப்பனார் மறுபடி பேசினார். பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரி விளம்பரம் செய்தது. திருவிதாங்கூர், கொச்சிப் பக்கத்திலிருந்து லீலாம்மா ஜார்ஜும் பி. கே. திரேசியாவும் சிவில் படிக்க வந்தார்கள். அவர்கள் ஓராண்டு இளையவர்கள். போர்க்காலத்தில் படிப்பைச் சில மாதங்கள் சுருக்கியதால் மூவரும் ஒன்றாகவே பட்டம் பெற்றார்கள். பட்டச் சான்றிதழ் அச்சாகியிருந்ததோ ஆண்பாலில்; ‘அவன்’ என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். படிவத்தை மாற்ற வேண்டும் என்று அதுவரை எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

திரேசியாவின் பெயரைச் சொன்னதுமே என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று எழுந்து நிற்கிறது. அவர் சிவில் பொறியாளர். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். சாலை, பாலம், கட்டடம் என்று வெயிலில் நின்று வேலை வாங்கினார். 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அதே கல்லூரி, அதே காலம். அவரால் களத்துக்குப் போக முடிந்ததென்றால், மேசை வேலை ஒன்றே வழி என்று லலிதாவைப் பற்றி எப்படிச் சொல்வது? ஒரே வகுப்பு என்பதாலேயே ஒரே நிலைமை ஆகிவிடாது என்பதுதான் பதில். திரேசியா கைக்குழந்தையோடு படிக்க வந்தவர் அல்ல. தனியாக ஊர் ஊராகப் போகும் விதவையை ஊர் பார்த்த பார்வை வேறு, தனியாகப் போகும் அதிகாரியைப் பார்த்த பார்வை வேறு. பெண் பொறியாளர் என்ற ஒரே சாக்கில் இவர்கள் மூவரையும் போட்டுக் கட்டுவது, ஒப்பிட வேண்டியதை ஒப்பிடாமல் விடுவதற்கு நல்ல வழி. ஒப்பிட்டால் தெரிவது இது: தடையாக இருந்தது பெண் என்பது மட்டுமல்ல. தாய், விதவை, சம்பாதிக்க வேண்டியவள் என்ற மூன்றும் சேர்ந்து லலிதாவின் பாதைக்கு வரம்பு கட்டின. அந்த வரம்புக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்று அவர் அளந்து பார்த்தார்.

அவர் போன ஊர்களைப் பாருங்கள். படிக்கும்போது அவர் கிண்டி விடுதியில், குழந்தை உறவினர் வீட்டில். பட்டத்துக்குப் பயிற்சி கட்டாயம் என்பதால் பீகாரில் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஓராண்டு. 1944 இறுதியில் சிம்லாவில் மத்திய தரநிர்ணய அமைப்பில் வேலை. அங்கே ஒரு சகோதரரின் குடும்பம் இருந்தது, தங்க இடமும் குழந்தைக்குத் துணையும் கிடைத்தன. அங்கிருந்தபடியே லண்டன் மின்பொறியாளர் கழகத்தின் பட்டத் தேர்வையும் எழுதினார். 1946இல் அதை விட்டுவிட்டுத் தகப்பனாரின் ஆராய்ச்சிக்கு உதவச் சென்னைக்கு வந்தார். 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே இன்னொரு சகோதரர் குடியிருந்தார். கூடப்பிறந்தவர்களின் விலாசங்களைக் கோடு போட்டு இணைத்தால் ஏறக்குறைய லலிதாவின் பணிப்பதிவேடு வந்துவிடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீடு எங்கே இருக்கிறதோ அங்கே வேலை தேடுவது: இன்று தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் அம்மா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்குக் குடிவந்து கம்பெனி பஸ் ஏறும் பெண்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வரிசையில் சிம்லாவுக்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் தகப்பனாரோடு வேலை செய்த காலம்தான் எனக்கு மிகவும் சுவையானது. சுப்பாராவ் பேராசிரியர் மட்டுமல்ல, கண்டுபிடிப்பாளர். ‘ஜெலக்ட்ரோமோனியம்’ என்று ஒரு மின்இசைக் கருவி, புகையில்லா அடுப்பு, மின்சாரத்தால் சுடர் உண்டாக்கும் சாதனம் என்று அவர் கை வைத்தவை பல வகை. பெயரைக் கேட்டாலே அந்த மனிதரின் குறும்பும் உற்சாகமும் தெரிகின்றன. அறிவுக்கு வேலை கொடுக்கிற, தகப்பனாரோடு சேர்ந்து செய்கிற, வீட்டிலேயே இருந்து செய்கிற பணி. ஒரு பொறியாளருக்கு இதைவிட இனிமையான வாழ்க்கை வேறென்ன? லலிதா அதில் நிலைக்கவில்லை. பணம் காணவில்லை என்பதுதான் காரணம். கண்டுபிடிப்பு மாதாமாதம் சம்பளம் தராது. பதினோரு வயதை எட்டும் பெண்ணுக்குப் பள்ளிச் சம்பளம் மாதாமாதம் கட்ட வேண்டும். துணிச்சலைத் தேடிப் போகிறவராக இருந்திருந்தால் அவர் தகப்பனாரின் பட்டறையில்தான் தங்கியிருப்பார். தங்காமல் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்.

கல்கத்தாவில் அவர் செய்ததைப் பற்றித்தான் நம் கட்டுரைகள் மிகக் குறைவாகப் பேசுகின்றன. ‘முதல் பெண்’ என்று சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கிவிடுகிறது போலும். மின்கடத்துப் பாதைகளை வடிவமைப்பது அவருடைய தொடக்க வேலைகளில் ஒன்று. கேட்க எளிதாக இருக்கும். டவருக்கு டவர் கம்பி கட்டுவதில் என்ன இருக்கிறது? சித்திரை வெயிலில் கம்பி நீண்டு தொய்கிறது. அப்போதும் கீழே போகும் வைக்கோல் வண்டிக்கும் கம்பிக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். மார்கழிக் குளிரில் அதே கம்பி சுருங்கி விறைக்கிறது. அப்போது இழுவிசை தாங்காமல் டவர் சாயக்கூடாது. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது ஒரு கம்பி இன்னொன்றை நெருங்கக்கூடாது. டவர்களைக் கிட்டக் கிட்டப் போட்டால் தொய்வு குறையும், செலவு ஏறும். எட்டப் போட்டால் செலவு குறையும், உயரம் ஏறும். எத்தனை அடிக்கு ஒரு டவர், எந்தத் தடிமனில் கம்பி, கட்டும்போது எவ்வளவு தொய்வு விடுவது என்பதெல்லாம் காகிதத்தில் தீர்ந்த பிறகுதான் களத்தில் ஒருவர் குழி தோண்ட முடியும். துணை மின்நிலையத்தின் அமைப்பு, பாதுகாப்புக் கருவிகள், ஒப்பந்தங்களை நிறைவேற்றிக்கொடுப்பது ஆகியவற்றுக்கும் பிறகு அவர் பொறுப்பானார். பாதுகாப்புக் கருவி என்றால் எங்கோ ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்ததும் அந்தப் பகுதியை மட்டும் துண்டிக்க வேண்டும், மற்ற ஊர்கள் இருளக்கூடாது. பல ரிலேக்களில் எது முந்த வேண்டும், எது சற்றுப் பொறுக்க வேண்டும் என்று நொடியின் சிறு பங்குகளில் வரிசை போட்டு வைப்பது அந்த வேலை. வரிசை தப்பினால் கிளை விழுந்த தெருவோடு சேர்ந்து மாவட்டமே அணையும். சட்லெஜ் நதியில் 226 மீட்டர் உயரத்துக்கு எழுந்த பக்ரா அணைக்கான மின்னாக்கிப் பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு.

இதையெல்லாம் மேசையில் உட்கார்ந்து செய்தார் என்பதால் அவரைப் பாதிப் பொறியாளர் என்று சொல்பவர்கள் உண்டா? வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை. ஆனால் அணைக்கட்டின் உச்சியில் தொப்பியோடு நிற்கும் படம் கிடைத்தால்தான் பொறியாளர் என்று நம்பும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அப்படி ஒரு படம் இல்லாததாலேயே ‘துணிச்சல்’ கதையைப் பெரிதாக்க வேண்டியிருக்கிறதோ என்று எனக்கு ஐயம். இன்னொரு மறுப்பு இதைவிட நியாயமானது. வரம்பை அளந்து வரம்புக்குள்ளேயே வாழ்ந்தவரை முன்னோடி என்று எப்படிச் சொல்வது, வரம்பை உடைப்பவர்தானே முன்னோடி? உடைத்தவர்கள் முன்னோடிகள் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஒரே நிறுவனத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், 1977இல் ஓய்வு பெறும்வரை, ஒரு பெண் மின்கடத்துப் பாதைக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தால், அந்த அலுவலகத்துக்கு அது அதிசயமாக இருப்பது எத்தனை ஆண்டு? நான்கைந்து ஆண்டில் பழகிப்போகும். பிறகு வருகிறவளுக்கு அந்தப் பழக்கம்தான் உதவும். அதே சமயம், அவர் காட்டிய வழியில் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வந்துவிடவில்லை என்பதும் நிஜம். அதற்கான காரணமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கிண்டியின் கதவு திறந்துவிட்டது. ஆனால் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் அண்ணன் வீடு சிம்லாவிலும் கல்கத்தாவிலும் எல்லாருக்குமா வாய்க்கும்?

லண்டன் மின்பொறியாளர் கழகம் 1953இல் அவரை இணை உறுப்பினராகவும் 1966இல் முழு உறுப்பினராகவும் தேர்ந்தது. பெண் பொறியாளர்களுக்கும் விஞ்ஞானிகளுக்குமான முதல் அனைத்துலக மாநாடு 1964 ஜூனில் நியூயார்க்கில் கூடியபோது அழைப்பு வந்தது. பெண் பொறியாளர்களுக்கு இந்தியாவில் அப்போது தனி அமைப்பு ஏதும் இல்லை, ஆகையால் தம் சொந்தப் பொறுப்பிலேயே போனார். மறு ஆண்டு லண்டன் பெண் பொறியாளர் சங்கத்தில் உறுப்பினரானார். 1967இல் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாம் மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்ட உதவினார். 1979இல் அறுபதாவது வயதில் காலமானார். கிண்டி, ஜமால்பூர், சிம்லா, கல்கத்தா என்ற வரிசையில் படிப்பின் விதியும் சொல்லாமல், உறவுக்காரர் வீடும் கூப்பிடாமல், தொழிலையே காரணமாக வைத்து அவர் புறப்பட்டுப் போன ஊர் நியூயார்க். போகும்போது அவருக்கு வயது 44. மகளுக்கு இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது.